வழிபாடும் வாழ்வறமும்: விவிலியத் தமிழில் ஒரு சொல்லாய்வு

1. முன்னுரை

இறைவனை வழிபடுதலும் அறத்தின் வழி ஒழுகுதலும் சமயங்கள் பலவும் வற்புறுத்தும் இரு கடமைகளாகும். ஆயின், இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பு யாது என வினவுங்கால் விடை எளிதிற் கிடைப்பதில்லை. வழிபாடு காரணம், நல்லொழுக்கம் அதன் பயன் என்பர் சிலர். நல்லொழுக்கம் தகுதி, வழிபாடு அத்தகுதி பெற்றார்க்குரிய உரிமை என்பர் வேறு சிலர். இரண்டும் தனித்தனித் துறைகள், ஒன்றன் குறை மற்றொன்றைத் தாக்காது என்று வாயாற் கூறாவிடினும் வாழ்க்கையாற் கூறுவோர் பலர். கிறித்தவ மறையாகிய விவிலியம் இவ்வினாவிற்குத் தரும் விடை யாது? அதனைத் தமிழிற் பெயர்த்தோர் எடுத்தாண்ட சொற்கள் அவ்விடையை எத்துணையளவு தாங்கி நிற்கின்றன? தமிழகத் திருச்சபை வரலாற்றில் அவ்விடை எவ்வாறு சோதனைக்குள்ளாயிற்று? இம்மூன்றினையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உண்மை வழிபாடு எனின் உள்ளம் உருகிச் செய்யும் வழிபாடு என்றும், பொய் வழிபாடு எனின் உள்ளம் ஒன்றாது செய்யும் சடங்கு என்றும் பொருள் கொள்ளுதல் பெருவழக்கு. விவிலியத்தின் அளவுகோல் இதனினும் கடுமையானது. உள்ளம் உருகியும் வழிபாடு பொய்யாகலாம் என்பதே அதன் துணிபு. இதனை முதற்கண் காண்போம்.

2. ஆமோஸ் கண்ட முரண்

கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், இரண்டாம் யெரொபெயாம் இசுரவேலின் வடநாட்டை ஆண்ட காலத்தில் வாழ்ந்தவர் ஆமோஸ். அவர் தென்னாடாகிய யூதாவின் தெக்கோவா என்னும் ஊரினர், ஆடு மேய்ப்பவர், காட்டத்தி மரங்களைப் பேணுபவர். குருமார் குடியிற் பிறந்தவர் அல்லர். வடநாட்டரசின் திருத்தலமாகிய பெத்தேலுக்குச் சென்று அவர் உரைத்த கடுமொழிகள், அவர்தம் பெயரால் வழங்கும் நூலில் தொகுக்கப்பெற்றுள்ளன.

அக்காலம் வடநாட்டிற்குச் செல்வக் காலம். தந்தம் இழைத்த கட்டில்களையும், வேனிற்கும் கூதிர்க்கும் தனித்தனியே அமைந்த மாளிகைகளையும் ஆமோஸ் குறிப்பிடுகின்றார். கோயில்களும் வறிதே கிடக்கவில்லை. விழாக்கள் நடந்தன, இசை முழங்கியது, காலைதோறும் பலிகள் செலுத்தப்பெற்றன, விரும்பியளிக்கும் காணிக்கைகள் பலரறிய அறிவிக்கப்பெற்றன. எனவே, அம்மக்களிடம் வழிபாட்டார்வம் குறைந்திருந்தது எனக் கூற இயலாது. மிகுந்திருந்தது என்றே கூறல் வேண்டும். ஆயினும் அவ்விழாக்களை இறைவன் வெறுக்கின்றான், அவ்விசையைக் கேளான் என்று ஆமோஸ் முழங்கினார். ஏன்?

இவ்வினாவிற்கு விடையாகும் குறிப்புகளுள் மிகச் சிறந்தது இரண்டாம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தில் உள்ளது. அடகாக வாங்கிய ஆடைகளை விரித்து, அவற்றின்மேல் பலிபீடங்களின் அருகே சாய்ந்திருப்போரை அவ்விடத்து ஆமோஸ் பழிக்கின்றார். இதன் கொடுமையை உணர யாத்திராகமத்தின் 22ஆம் அதிகாரத்தில் உள்ள சட்டத்தை உடன்வைத்து நோக்குதல் வேண்டும். ஏழையின் மேலாடையை அடகாகப் பெற்றவன், ஞாயிறு மறையுமுன் அதனைத் திருப்பித் தருதல் வேண்டும் என்பது அச்சட்டம். ஏழைக்கு இரவிற் போர்த்துக்கொள்ள வேறு துணியில்லை என்பதே அதற்குக் காட்டப்பெறும் காரணம். ஆகவே, பலிபீடத்தருகே விரிந்து கிடக்கும் அவ்வாடை, அவ்விரவில் எங்கோ ஒருவன் குளிரில் நடுங்குகின்றான் என்பதற்குச் சான்றாகின்றது. வழிபடுவோன் அதன்மேலேயே அமர்ந்து இறைவனை நோக்குகின்றான். வழிபாடும் கொடுமையும் ஈண்டு இருவேறிடங்களில் நிகழவில்லை. ஒரே விரிப்பின்மேல் நிகழ்கின்றன.

எட்டாம் அதிகாரம் காட்டும் வணிகரும் இத்தகையோரே. ஓய்வுநாளை அவர்கள் மீறுவதில்லை, கடையடைத்துக் காத்திருக்கின்றனர். ஆனால், அந்நாள் எப்போது கழியும், மரக்காலைச் சிறிதாக்கியும் எடைக்கல்லைப் பெரிதாக்கியும் எப்போது விற்கலாம் என்பதே அவர்தம் நினைவு. சட்டம் காக்கப்படுகின்றது, சட்டத்தின் உயிர் நீங்குகின்றது.

ஆமோஸ் நாடும் மாற்று யாது? பட்டண வாசலில் நியாயத்தை நிலைநிறுத்துதல் என்பதாகும். பண்டை இசுரவேலில் ஊர்ப் பெரியோர் கூடி வழக்குத் தீர்த்த இடம் பட்டணத்தின் வாயிலாகும். நம் நாட்டு ஊர்மன்றத்தை ஒத்தது. பலிபீடத்தில் நிகழ்வதற்கு மன்றத்தில் நிகழ்வது உரைகல் என்பது அவர் கொள்கை. இதற்குப் பெத்தேலின் குருவாகிய அமத்சியா அளித்த மறுமொழி கருதத்தக்கது. அது வேந்தனின் திருத்தலம், அவ்விடத்து இவ்வாறு பேசலாகாது என்று கூறி, ஆமோசை அவர் நாட்டிற்கே திரும்பிச் செல்லுமாறு பணித்தான். ஆமோஸ் கூறியது பொய் என அவன் வாதிடவில்லை.

இக்கருத்து ஆமோஸ் ஒருவர்க்கே உரியதன்று. குருதி படிந்த கைகளை விரித்துச் செய்யும் வேண்டுதல் எத்துணை மிகுதியாயினும் கேட்கப்படாது என்பது ஏசாயா நூலின் முதல் அதிகாரம். நோன்பு நாளில் தம் வேலையாட்களை வருத்துவோரைச் சாடி, பசித்தவனோடு உணவைப் பகிர்தலே நோன்பு என விளக்குவது அந்நூலின் 58ஆம் அதிகாரம். பலியின் அளவைப் பெருக்கிக்கொண்டே செல்லும் ஒருவனுக்கு, நியாயம், இரக்கம், இறைவனோடு பணிந்து நடத்தல் என்னும் மூன்றே போதும் என்று விடையிறுப்பது மீகா நூலின் ஆறாம் அதிகாரம்.

இறைவாக்கினர் வழிபாட்டையே ஒழிக்க முற்பட்டனரோ என்னும் ஐயம் ஈண்டு எழலாம். அங்ஙனம் கொண்ட ஆய்வாளரும் உளர். ஆயின், ஏசாயா வேண்டுதலையும் பலியையும் ஒருங்கே மறுக்கின்றார். வேண்டுதலே கூடாது என்பது அவர் கருத்தென எவரும் கொள்ளார். எனவே, பலியைப் பற்றியும் அவ்வாறு கொள்ளுதல் பொருந்தாது. மறுக்கப்படுவது வழிபாடன்று, அறத்தினின்று பிரிந்து நிற்கும் வழிபாடு என்க.

3. கூடாவொழுக்கத்தினின்று வேறுபாடு

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்துத் திருக்குறளின் 28ஆம் அதிகாரமாகிய கூடாவொழுக்கம் நினைவிற்கு வருதல் இயல்பு. இரண்டும் புறக்கோலத்தைப் பழிப்பனவே. எனினும் வேறுபாடு உண்டு. வள்ளுவர் காட்டும் பொய்த்தவத்தான் தன் குற்றத்தைத் தன் நெஞ்சால் அறிந்தவன்; அவனுள் உறையும் ஐம்பூதங்கள் அவனைக் கண்டு நகுகின்றன. அவன் பிறரை ஏய்க்கின்றானேயன்றித் தன்னை ஏய்க்க இயலவில்லை. ஆமோஸ் காட்டும் வழிபாட்டாளனோ தன்னையும் ஏய்த்துக்கொண்டவன். அடகு ஆடையின்மேல் அமர்ந்திருப்பது அவனுக்கு உறுத்தவில்லை. அவன் வஞ்சகன் அல்லன், பழகிப்போனவன்.

மனத்தின்கண் மாசிலனாதலே அறம் என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். அம்மாசினைக் காண்பது எங்ஙனம் என்னும் வினாவிற்கு, அயலானைப் பார் என விவிலியம் விடை தருகின்றது. இவ்விரு நூல்களும் முரண்படுவன அல்ல. ஒன்று நோயின் இடத்தையும் மற்றொன்று அந்நோயை அறியும் குறியையும் கூறுகின்றன எனலாம்.

4. புதிய ஏற்பாட்டில் இக்கருத்தின் வளர்ச்சி

இயேசுவின் மலைப்பொழிவில் இத்தொடர்பு ஒரு செயல்முறையாகவே அமைகின்றது. பலிபீடத்தின் முன் காணிக்கையோடு நிற்பவன், தன்மீது மனத்தாங்கல் கொண்ட உடன்பிறந்தான் ஒருவனை நினைவுகூர்வானாயின், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுச் சென்று முதலில் ஒப்புரவாதல் வேண்டும். பின்னர் வந்து படைத்தல் வேண்டும். இதன்கண் இரு நுட்பங்கள் உள. ஒன்று, காணிக்கை நீக்கப்படவில்லை, நிறுத்திவைக்கப்படுகின்றது என்பது. மற்றொன்று, வழிபடுவோனுக்குப் பிறர்மீதுள்ள சினம் ஈண்டுப் பேசப்படவில்லை. பிறர்க்கு அவன்மீதுள்ள முறையீடே பேசப்படுகின்றது என்பது. தன் உள்ளம் அமைதியாயுள்ளது என்னும் சான்று அவனுக்குப் போதாது. மத்தேயு 23ஆம் அதிகாரத்திலும் ஒற்றலாம், சீரகம் முதலியவற்றிலும் பத்திலொரு பங்கு செலுத்துவோர் நீதி, இரக்கம் முதலிய பெரியவற்றைக் கைவிட்டமை கண்டிக்கப்பெறுகின்றது. ஆண்டும் சிறியவற்றை விடுக என்று கூறப்படவில்லை.

பவுல் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரம் இதனினும் வெளிப்படையானது. அந்நகரத்துச் சபையார் திருவிருந்திற்குக் கூடியபோது, வசதியுடையோர் முந்தி உண்டு குடித்தனர், இல்லாதோர் பசித்திருந்தனர். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்று பவுல் தீர்ப்பளித்தார். சொற்களும் செயல்களும் முறைப்படி அமைந்திருப்பினும், உடனுண்ணல் இல்லையாயின் சடங்கே நிகழவில்லை என்பது இதன் பொருள். யாக்கோபின் திருமுகம் இருக்கையைப் பற்றியே பேசுகின்றது. பொன்மோதிரம் அணிந்து வந்தவனுக்கு நல்லிடமும், கந்தையாடை உடுத்தவனுக்கு நிற்கும் இடமோ காலடியோ காட்டும் சபையாரை அது வினவுகின்றது. திக்கற்ற பிள்ளைகளையும் கைம்பெண்களையும் அவர்தம் துன்பத்திற் சென்று பேணுதலும், உலகத்தால் மாசுபடாது தன்னைக் காத்தலுமே தூய சமயநெறி என்றும் அது வரையறுக்கின்றது.

5. சொற்களின் வரலாறு

இனி, இக்கருத்துகளைத் தாங்கிய மூலச் சொற்களையும் அவற்றின் தமிழாக்கங்களையும் நோக்குவோம். எபிரேயத்தில் அவோதா என்னும் சொல் உழைப்பு, ஊழியம், வழிபாடு ஆகிய மூன்றனையும் குறிக்கும். எகிப்தில் இசுரவேலர் பட்ட அடிமைப்பாட்டிற்கும், திருக்கூடாரத்தில் லேவியர் ஆற்றிய பணிக்கும் அவ்வொரு சொல்லே வழங்குகின்றது. கிரேக்கத்தில் பணிந்து விழுதலைக் குறிக்கும் புரொஸ்குனேயோ, பணிசெய்தலைக் குறிக்கும் லத்ரேயா, சமய ஒழுக்கத்தைக் குறிக்கும் திரேஸ்கேயா என்பன வேறுவேறாக நின்றன.

தமிழில் புதிய ஏற்பாடு சீகன்பால்குவின் முயற்சியால் 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறி முற்றுப்பெற்றது. அதன்பின் வந்த திருத்தங்கள் பல. அவற்றுள் பவர் தலைமையில் ஒரு குழுவினர் ஆக்கி 1871-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு, சீர்திருத்தச் சபைகளில் நிலைபேறு பெற்றது. 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி ஆக்கிய பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் வெளிவந்தது. இவ்விரண்டனையும் ஒப்பிடுதல் பயன் தரும்.

யோவான் நான்காம் அதிகாரத்தில், மலையும் எருசலேமும் அல்ல, உண்மையே வழிபாட்டிற்குரிய இடம் என இயேசு சமாரியப் பெண்ணுக்கு உணர்த்துமிடத்தில், 1871-ஆம் ஆண்டுப் பெயர்ப்பு தொழுதுகொள்ளுதல் என்னும் சொல்லை ஆள்கின்றது. உரோமர் 12ஆம் அதிகாரத்தில் உடலையே உயிருள்ள பலியாகப் படைத்தலைக் கூறுமிடத்து ஆராதனை என்றும், யாக்கோபின் வரையறையில் பக்தி என்றும் அமைக்கின்றது. 1995-ஆம் ஆண்டுப் பெயர்ப்பு முதலிரண்டு இடங்களிலும் வழிபாடு என்னும் சொற்குடும்பத்தையும், மூன்றாவதில் சமய வாழ்வு என்னும் தொடரையும் ஆள்கின்றது. தொழுதல் என்பது கைகுவிக்கும் மெய்ப்பாட்டைச் சார்ந்த சொல்; ஆதலின் புரொஸ்குனேயோ என்பதற்கு அணுக்கமானது. ஆராதனை வழிபாட்டு முறையையும், பக்தி அன்பின் உருக்கத்தையும் முன்னிறுத்துகின்றன. ஒவ்வொன்றும் செம்மையான சொல்லே. எனினும் அயலானுக்கு ஆற்றும் கடமை இம்மூன்றன் சொற்பொருளிலும் இடம்பெறவில்லை.

வழிபாடு என்பதோ வழியிற் படுதல், பின்பற்றி ஒழுகுதல் என்னும் பொருளிற் பிறந்த சொல். தொல்காப்பியச் செய்யுளியல் புறநிலை வாழ்த்தினை விளக்குங்கால் தெய்வத்திற்கு இதனை அடையாக்குகின்றது. பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் ஆசிரியனிடத்து ஒழுகும் முறைக்கு இச்சொல்லையே இட்டு, அதற்கு இலக்கணமும் வகுக்கின்றார். ஆசிரியன் எவ்வாற்றான் மகிழ்வானோ அவ்வாற்றான், அறத்தினின்றும் பிறழாது ஒழுகுதலே வழிபாடு என்பது அவ்விலக்கணத்தின் கருத்து. மகிழ்வித்தலும் அறம் பிறழாமையும் ஈண்டு ஒரே வரையறையுள் அடங்கின. அறத்திற் பிறழ்ந்து ஒருவரை மகிழ்விப்பது வழிபாடே ஆகாது என்பது இதனாற் பெறப்படும். சமணச் சான்றோர் ஒருவர் கல்வி குறித்து வகுத்த இலக்கணம், ஆமோசும் மீகாவும் இறைவன் குறித்துக் கூறியவற்றோடு இங்ஙனம் இயைதல் வியத்தற்குரியது. மீகா நடத்தல் என்னும் வினையால் இறைப்பற்றைச் சுட்டியதையும், முதற் கிறித்தவர் தம் சமயத்தையே வழி என்று வழங்கியதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுவதையும் இதனோடு சேர்த்து எண்ணுக. அந்நூலின் இச்சொல் 1871-இல் மார்க்கம் என்றும், 1995-இல் நெறி என்றும் பெயர்க்கப்பெற்றது.

நீதி என்னும் சொல்லின் நிலை சிக்கலானது. எபிரேயத்தில் மிஷ்பாத் என்பது மன்றத்து நியாயம். செதாக்கா என்பது உறவின் கடமையை நிறைவேற்றும் நேர்மை. ஆமோசின் ஐந்தாம் அதிகாரத்தில் இவ்விரண்டும் நீரோட்டத்திற்கு ஒப்பிடப்பெற்று இணைந்து வருகின்றன. 1871-ஆம் ஆண்டுப் பெயர்ப்பு அவற்றை நியாயம், நீதி என்றும், 1995-ஆம் ஆண்டுப் பெயர்ப்பு நீதி, நேர்மை என்றும் பெயர்த்தன. முன்னதில் நீதி என்னும் சொல்லே பவுலின் திருமுகங்களிலும் திக்கையொசுனே என்பதற்கு வருதலின், நம்பிக்கையால் இறைவன்முன் ஒருவன் பெறும் நிலையையும் அது குறிப்பதாயிற்று. இதனால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் விளைந்தன. இறைவாக்கினரையும் பவுலையும் ஒரே சொல் பிணைத்தமை நன்மை. நீதி என்பது இறைவனுக்கும் தனியொருவனுக்கும் இடைப்பட்ட நிலை மட்டுமே என்னும் எண்ணம் வேரூன்ற இடமளித்தமை தீமை. 1995-ஆம் ஆண்டுப் பெயர்ப்பு, பவுலின் கருத்திற்கு ஏற்புடையவராதல் என்னும் சொல்லை ஆண்டது. அதனால் நீதிக்கு அதன் மன்றப் பொருள் மீண்டது. ஆனால் பழைய பிணைப்பு மறைந்தது.

அறச்செயல் இறையருளுக்கு விலையாகாது என்பது பவுலின் கொள்கை. செயலற்ற நம்பிக்கை உயிரற்றது என்பது யாக்கோபின் கொள்கை. முன்னது அருளின் மூலத்தையும் பின்னது அருளின் அடையாளத்தையும் உரைத்தலின் இரண்டும் பொருந்தும் என்பது பலர்க்கும் உடன்பாடு. கொரிந்தியரின் விருந்தைக் கண்டித்தவர் பவுலே என்பதும் இதற்கு அரணாகும்.

6. தமிழகத் திருச்சபையில் சோதனை

கொரிந்திலும் யாக்கோபின் சபையிலும் எழுந்த இருக்கை, விருந்து என்னும் அவ்விரு வினாக்களே தமிழகத்திலும் எழுந்தன. தரங்கம்பாடி, தஞ்சை முதலிய இடங்களின் பழைய சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கையும், திருவிருந்தில் முன்பின் முறையும் நிலவின. இவ்வழக்கத்தைக் காலப்போக்கில் மாற்றலாம் எனத் தொடக்கக் காலத் தொண்டர் பொறுத்திருந்தனர். கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833-இல் விடுத்த சுற்றுமுகம், சபைக்குள் சாதி வேற்றுமை முற்றாக ஒழிதல் வேண்டும் என ஆணையிட்டது. தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர்.

பிரிவினையைக் காக்க வாதிட்டோருள் தலையாயவர் தஞ்சை வேதநாயக சாத்திரியார் ஆவர். 1774-இல் பிறந்து 1864 வரை வாழ்ந்த அவர், சுவார்ட்சு ஐயரால் வளர்க்கப்பெற்றவர். பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர். அவருடைய கீர்த்தனைகளைத் தமிழ்க் கிறித்தவர் இன்றும் பாடி உருகுகின்றனர். அவருடைய பத்தியின் உண்மையை ஐயுறுவார் இலர். எனினும் 1829-ஆம் ஆண்டளவில் எழுந்த சாதிப் பூசலில், சாதியாசாரத்தை மாற்ற முயல்வதை மறுத்து அவர் எழுதினார். சாதி உலகியல் ஒழுங்கேயன்றிச் சமயப் பொருளன்று என்பது அத்தரப்பாரின் வாதம். இருக்கைக்கு வாடகை பெற்றுச் செல்வர்க்குத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் அக்காலத்து இங்கிலாந்தின் கோயில்களிலும் இருந்தது என்பதை நோக்கின், கண்டித்தோரின் நாடும் யாக்கோபின் வினாவிற்குத் தப்பவில்லை என்பது புலனாகும்.

சாத்திரியாரைத் தாழ்த்துதல் நம் நோக்கமன்று. முன்னர்க் கூறிய கருத்திற்கு அவர் வாழ்க்கை சிறந்த சான்றாகின்றது. உள்ளம் உருகுதல் ஒன்றே வழிபாட்டின் உண்மைக்கு அளவாயின், அவரினும் உண்மையாக வழிபட்டார் அரியர். அதனொடு அருகமர்ந்தானையும் அளவாகக் கொள்ளின், அத்துணை உருக்கத்தினுள்ளும் ஒரு விரிப்பு அடகு ஆடையாய்க் கிடந்தது புலப்படும்.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இந்நிலை இருந்தது. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-இல் திறக்கப்பெற்ற கோயில், ஒரே பீடத்தை நோக்கும் இரு கூடங்களாகக் கட்டப்பெற்றது. சாதியார் ஒருவரையொருவர் காணாது பீடத்தைக் காணுமாறு இடையே சுவர் நின்றது. 1910-இல் அச்சுவர் இடிக்கப்பெற்றது. அதனை எதிர்த்தோர் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் அவர்க்கு வெற்றி கிட்டவில்லை. ஆமோசின் கொள்கையை இதனினும் தெளிவாக விளக்கும் கட்டடம் அரிது. இறைவனை நோக்கும் பார்வையும் அயலானை நோக்கும் பார்வையும் பிரிக்கப்படலாம் என்னும் எண்ணமே அங்குச் சுவராகி நின்றது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்களிற் சாதிப் பிரிவு இன்றும் நீடித்தலின், இவ்வினா பழங்கதையாகிவிடவில்லை.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன வருமாறு: விவிலியம் வழிபாட்டின் உண்மையை உணர்ச்சியின் மிகுதியால் அளப்பதில்லை, வழிபடுவோனால் வருந்தும் அயலானின் முறையீட்டால் அளக்கின்றது. அறம் வழிபாட்டிற்கு மாற்றாக வைக்கப்படவில்லை. அதன் இலக்கணத்துள் அடக்கப்படுகின்றது. தொழுகை, ஆராதனை, பக்தி என்னும் சொற்கள் இக்கருத்தின் ஒவ்வொரு கூற்றைத் தாங்க, வழிபாடு என்னும் பழந்தமிழ்ச் சொல் அதனை முழுமையாகத் தாங்கும் ஆற்றல் உடையது. அவ்வாற்றல் நன்னூல் வகுத்த இலக்கணத்திலேயே வெளிப்படுகின்றது.

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்குங்கால் அச்சொல்லின் பழம்பொருளும் உடன்வருகின்றது. அப்பொருளை நினைவூட்டுதல் தமிழாய்வார் கடன். அதன்படி ஒழுகுதல் அச்சொல்லை நாள்தோறும் ஆள்வோர் கடன்.